உத்தரவாதம் செல்லாது என்றால் அதை எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவருக்கு, பிள்ளைகள் மூவரும் காசு சேர்த்து ஒரு சுவிஸ் மணிக்கூடு வாங்கிக் கொடுத்தார்கள். கொழும்பில் ஒரு முகவர் கடையில், பற்றுச்சீட்டோடும் இரண்டு வருட உத்தரவாத அட்டையோடும் வாங்கியது. 200 மீற்றர் ஆழம்வரை தண்ணீர் புகாது என்று பின்மூடியில் பொறித்திருக்கிறது.

ஐந்தாம் மாதம் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியதே இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்கூடக் கழற்றி என் கைப்பையில் வைத்துவிட்டுத்தான் குளித்தார். பழுது, சாவி கொடுக்கும் குமிழில். இந்த வகை மணிக்கூட்டில் நேரத்தைச் சரிசெய்தபின் குமிழை அழுத்தித் திருகிப் பூட்டவேண்டும். அப்போதுதான் றப்பர் வளையம் இறுகும். இதில் மரை பிடிக்கவே இல்லை. எத்தனை முறை திருகினாலும் குமிழ் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. உப்புக்காற்று வீசும் எங்கள் ஊரில் அந்த இடைவெளியே போதும்.

ஊரில் மணிக்கூடு திருத்தும் பெரியவர் ஒருவர், திறக்காமல் பூதக்கண்ணாடியால் பார்த்து, "குமிழையும் அது பூட்டுகிற குழாயையும் சேர்த்து மாற்றவேணும் அம்மா" என்றார். ஆனால் பல சுவிஸ் நிறுவனங்கள் வெளித் திருத்துநர்களுக்கு உதிரிப்பாகம் விற்பதில்லை. அவர் திறந்தால் உத்தரவாதமும் போய்விடும். வேறு வழியில்லாமல் மகன் இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மூன்று கிழமை கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது: "தண்ணீரில் பாவித்திருக்கிறீர்கள், உத்தரவாதம் செல்லாது." என்ன சோதனை செய்தீர்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். அப்படிக் கொடுக்கும் வழக்கம் இல்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். தண்ணீர் படாமலே, காற்றழுத்தம் கொடுத்து, கசிவு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்க்கக் கருவி இருக்கிறது. மரை பழுதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட என்ன தயக்கம்? லட்சக்கணக்கில் வாங்கும்போது நாற்காலி போட்டு உட்காரவைத்தவர்கள், பழுதென்றதும் எங்களைப் பொய்யர் ஆக்குவது சரியா?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இப்போது முறைப்பாடு எழுதியிருக்கிறோம். 1977 என்ற இலக்கத்திலும் அவர்களோடு பேசலாம். நாங்கள் விட்ட பிழையை மற்றவர்கள் விடவேண்டாம்: பொருளைக் கையளிக்குமுன் குமிழ் பூட்டாததைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். கடை தரும் சீட்டில் பழுது என்னவென்று எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் இருக்கும் சீட்டில் "மணிக்கூடு 1" என்று மட்டுமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.