சிப் மென்பொருளின் தேவையை வகுப்பு அட்டவணையில் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிப் வடிவமைப்புப் படிப்புகளுக்கு வரவேற்பு பெருகிவருவதாக வரும் செய்திகளில், அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் தனியார் பயிற்சி மையங்களின் சேர்க்கைதான். வேலை தேடுவோர் எத்தனை பேர் என்பதை அது சொல்லும். நிறுவனங்கள் எந்தச் சிப் வடிவமைப்பு மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துகின்றன என்பதைச் சொல்லாது.

இத்துறை மென்பொருளில் சினாப்சிஸ், கேடென்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்றுமே பெரும்பங்கு வகிக்கின்றன. எந்த மென்பொருளுக்கு எத்தனை உரிமங்கள் விற்றன என்று இவை வெளியிடுவதில்லை. உரிம ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போடப்படுவதால், வருவாய்க் கணக்கிலும் மாற்றம் தாமதமாகவே தெரியும். ஆனால், வாடிக்கையாளர்களின் பொறியாளர்களுக்காக இவை நடத்தும் வகுப்புகளின் அட்டவணை பலரும் பார்க்கக்கூடியது. புதிய மென்பொருளை வாங்கிய நிறுவனம், கையில் இருக்கும் வேலையை நிறுத்திவைத்துத்தான் தன் ஆட்களை இரண்டு மூன்று நாள் வகுப்புக்கு அனுப்புகிறது. சிப்பை உற்பத்திக்கு அனுப்பவேண்டிய கெடு நெருங்கும்போது ஒரு நாள் போவதே எவ்வளவு பெரிய இழப்பு என்பது, வடிவமைப்பில் பிழை உள்ளதா என்று உற்பத்திக்கு முன் சோதிக்கும் சரிபார்ப்புப் பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். தேவை இல்லாமல் எந்த மேலாளரும் அனுப்பமாட்டார். ஆகவே, பெங்களூரிலோ நொய்டாவிலோ காலாண்டுக்கு ஒருமுறை நடந்த ஒரு வகுப்பு மாதந்தோறும் நடக்கத் தொடங்கினால், அந்த மென்பொருள் புதிய அலுவலகங்களுக்குள் நுழைகிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. சினாப்சிஸின் டிசைன் கம்பைலர், கேடென்ஸின் விர்ச்சுவோசோ போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பவை. புதிதாகச் சேர்பவர் பக்கத்து இருக்கை மூத்தவரிடமே அவற்றைக் கற்றுக்கொள்கிறார். அவற்றுக்கு வகுப்பு குறைவாக இருப்பதால் தேவை குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. மாறாக, 2011இல் வெளிவந்த யுவிஎம் என்னும் சரிபார்ப்பு முறை கடினமானது என்பதாலேயே அதற்கு வகுப்புகள் அதிகம் தேவைப்படுகின்றன. பதிவுசெய்த இணையப் பாடங்கள் வந்தபின் நேரடி வகுப்புகள் குறைந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம் 85,000 பேருக்குப் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டு, சிடாக் என்னும் அரசுக் கணினி ஆய்வு நிறுவனத்தின் வழியாகக் கல்லூரிகளுக்கு இம்மென்பொருள்களைக் கிடைக்கச் செய்கிறது. நல்ல முயற்சிதான், ஆயினும், அதையொட்டி நடக்கும் வகுப்புகளைச் சந்தைத் தேவையோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவித்த வகுப்பெல்லாம் நடந்த வகுப்பு அல்ல. போதிய ஆள் சேராமல் ரத்தாவதும் உண்டு. இடம் நிரம்பிக் கூடுதல் தேதி அறிவிக்கப்படுவதும் உண்டு. அந்த வேறுபாட்டில்தான் உண்மை நிலவரம் இருக்கிறது. தங்கள் செய்தியாளர்கள் இந்நிறுவனங்களிடம் கடந்த ஆண்டு இதே காலாண்டில் அறிவித்த வகுப்புகள் எத்தனை, அவற்றில் நடந்தவை எத்தனை என்று மென்பொருள்வாரியாகக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டும் பெற்றோர், பணம் செலுத்துவதற்கு முன்பே அந்த விவரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிப் சரிபார்ப்புப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.