புத்தகப் பைகள் போதும், உட்கார ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் குடும்ப நலச் சங்கத்துக்குப் புத்தகப் பைகள் வந்துவிடும். இந்த ஆண்டு 40 பைகள் வந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். நாகர்கோவிலிலிருந்து வண்டி பிடித்து வந்து, எங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் சென்ற ஆண்டு வந்த பைகளிலேயே பாதி இன்னும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. அதே வாரம், முதுகெல்லாம் படுக்கைப்புண் வந்து துடித்த ஒரு மூதாட்டிக்காகக் காற்று மெத்தை ஒன்று கேட்டு நான்கு இடங்களில் ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை. மனம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இந்தப் பகுதிப் பெண்களே. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவதும், அதற்கு வழியில்லாதவர்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பதும்தான் அன்றைய வேலை. ‘குடும்ப நலம்’ என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போன பெண்களும் உண்டு. 1977-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கே அரசு அந்தப் பெயரைச் சூட்டியிருந்ததால், உள்ளே போனால் கருத்தடை முகாமுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைத் தெளிவிக்கவே வீடு வீடாக நடந்திருக்கிறோம்.

இன்று நிலைமை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் இருப்பது நம் மாவட்டம். பாடநூலும் பையும் சைக்கிளும் அரசே கொடுக்கிறது. 2022 முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. நாங்கள் தொடங்கிய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் எங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தையல் வகுப்பில் கடைசியாக நான்கே பெண்கள் இருந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, “நாங்களும் நின்றுவிட்டால் டீச்சருக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான் வருகிறோம்” என்று சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களுக்கு உதவ அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த மாதத்தோடு வகுப்பை மூடினோம். இயந்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்று, சங்கத்தைத் தொடங்கியவர்களில் மூத்தவரான அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தது ஒக்கி. 2017 நவம்பர் 30-ஆம் தேதி அந்தப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளைச் சேர்ந்தவர்கள் பலர். அரிசி, பாய், போர்வை என்று கட்டிக்கொண்டு நாங்களும் போனோம். அங்கே அவை ஏற்கெனவே குவிந்துகிடந்தன. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அரிசி வேண்டாம் டீச்சர். இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, நான் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்” என்றார். கணவரின் உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சாதாரணமாக 7 ஆண்டுகள் ஆக வேண்டும் என்கிறது சட்டம். அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் மனு, வாக்குமூலம், வாரிசுச் சான்றிதழ் என்று அலைச்சல் இருந்தது. படித்த மாவட்டம்தான். ஆனால் துக்கத்தோடு அரசுத் தாளின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து ஓடாது. அதன்பிறகு பல நாட்கள் நாங்கள் செய்தது மனு எழுதுவது ஒன்றுதான். நன்கொடைப் பட்டியல் எதிலும் அந்த உதவி இருக்கவில்லை.

அங்கிருந்து திரும்பியதும், எங்கள் பகுதியிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனோம். “உங்களுக்கு எது முடியாமல் இருக்கிறது?” என்ற ஒரே கேள்வி. திருவட்டாறு போகும் சாலையில் டைல்ஸ் பதித்த பெரிய வீடு ஒன்று. பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில். எண்பது வயதைக் கடந்த அம்மா தனியாக இருக்கிறார். “மக்களே, அரிசி இருக்கிறது, காசும் மாதாமாதம் வருகிறது. கஞ்சி வைத்தால் வடிக்கத்தான் கைக்குப் பலம் இல்லை” என்றார். நாங்கள் படிக்க வைத்த தலைமுறைதான் இப்படி வெளியே போயிருக்கிறது. போனது தவறில்லை, படிக்கச் சொன்னதே நாங்கள்தானே. அப்படியானால் அதனால் வந்த தனிமையும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

காசுள்ள வீட்டுக்கு நம் உதவி எதற்கு என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. காசில்லாத ஒரு வீட்டைப் பார்த்த பிறகு எனக்கு விஷயம் வேறு விதமாகப் புரிந்தது. அந்த வீட்டு மருமகள் அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்கிற முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர். மாமியாரும் அதே வேலையில் ஆண்டுக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து முதுகு கூனியவர்தான். பக்கவாதம் வந்து மாமியார் படுத்ததும் இவருடைய வேலை போயிற்று, கூலியும் போயிற்று. நான் போனபோது அவருக்கே காய்ச்சல். மருத்துவரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “இவர்களை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?” என்றார். பெரிய வீட்டிலும் சின்ன வீட்டிலும் இல்லாதது ஒன்றே: ஓர் ஆள். படுத்திருப்பவரைப் பற்றியாவது நாலு பேர் விசாரிக்கிறார்கள். பார்த்துக்கொள்கிறவரிடம் ‘நீ சாப்பிட்டாயா’ என்று கேட்க யாரும் இல்லை.

இப்போது எங்கள் முக்கியமான வேலைக்கு ‘மாற்றாள்’ என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், எங்கள் பெண் ஒருவர் போய் நோயாளியின் அருகில் உட்காருவார். வீட்டுப் பெண் சந்தைக்குப் போகலாம், மருத்துவரிடம் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் செய்யலாம். போகிறவர்களில் சிலர் எங்கள் பழைய தையல் வகுப்பு மாணவிகள். இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். படுத்திருப்பவரைத் தோல் உரசாமல் எப்படிப் புரட்டுவது, புரையேறாமல் எப்படிச் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுப்பது என்று ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பெரிய ஆறுதல்: ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் ஊழியர் வந்து போன பிறகு மீதி நாள் முழுவதும் அந்த மருமகளுடையதுதான்.

இந்த வேலைக்கு நன்கொடை கேட்டால், “சம்பளத்துக்கா கேட்கிறீர்கள்? பொருளாக ஏதாவது சொல்லுங்கள்” என்கிறார்கள். ஆம், சம்பளத்துக்கும் ஆட்டோ வாடகைக்கும்தான் கேட்கிறேன். இரண்டு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்துப் போட முடியாதுதான். அதற்காக அது உதவி இல்லை என்று ஆகிவிடாது. மாற்றாளாகப் போகிறவரும் ஏழைப் பெண்தான். அவரிடம் இலவசமாக உழைப்பு வாங்கித்தான் தருமம் செய்ய வேண்டும் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

பைகள் வீணாகாது. குலசேகரம் பக்கம் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்களில் பள்ளிக்கே போகாத பிள்ளைகள் சிலர் இருப்பது அண்மையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. இத்தனை ஆண்டுகளாக அவர்களை எங்கள் ஊர்க்காரர்களாக நினைக்கவே தோன்றாதது எங்கள் குறை. அங்கேயும் முதலில் தேவைப்படுவது கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பள்ளியில் சேர்த்துவிட ஓர் ஆள். பை அதற்குப் பிறகு.

நலத்திட்ட உதவி வழங்கும் செய்தி இனி உங்கள் பத்திரிகைக்கு வரும்போது, ‘இதைக் கேட்டது யார்?’ என்று உங்கள் செய்தியாளர்கள் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதியோர் உதவி எண் 14567-ஐயும் அவ்வப்போது வெளியிடுங்கள்; நாங்கள் போகும் பல வீடுகளில் அது தெரியவில்லை.

முந்திரி ஆலையை விட்டு நின்ற அந்த மருமகள் மூன்று ஆண்டுகளாக ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. வரும் ஆவணியில் கருங்கலில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் இரவே போக ஆசைப்படுகிறார். அந்த ஓர் இரவும் மறுநாள் பகலும் மாமியார் அருகில் இருக்க ஓர் ஆளை இப்போதே தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.