பரணில் மூன்று பெட்டிகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் மொழியின் ஒரே 'யூ'வை வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகள் பேசிவிட்ட எனக்கு, தமிழில் எழுத உட்கார்ந்ததும் 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்ற தடுமாற்றம் வந்தது. 'நீ' என்றே எழுதுகிறேன். உன்னால் படிக்க முடியாது என்ற துணிச்சலில்தான் இதைப் பொதுவில் எழுதத் தொடங்கினேன். மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் அந்தத் துணிச்சல் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. ஆகவே உன் பாடல்களுக்கு ஒப்பந்தம் நீட்டிய அந்த இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கிலாந்தின் நாட்டார் இசை உலகம் ஒரே ஒரு தெரு. யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஷெஃபீல்டு வீட்டைக் காலி செய்கிறேன். பரணில் உன் இரண்டாவது ஆல்பத்தின் குறுந்தகடுகள் 340 இருக்கின்றன. தூக்கிப் போட மனமும் இல்லை, திருப்பித் தரத் துணிவும் இல்லை என்றே இத்தனை காலம் ஓட்டினேன். இப்போது திருப்பித் தருவதென்று முடிவு செய்துவிட்டேன்.

பெட்டிகளை இறக்கும்போது நினைவுக்கு வந்தது 2014 நவம்பர் இரவுதான். கார்லைலில் பாடிவிட்டு எம்6 நெடுஞ்சாலையில் தெற்கே வந்தோம். டீபே என்ற சாலையோர ஓய்விடத்தில், மழை விடட்டும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நீ கையுறையைக் கழற்றாமலே அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை என் மடியில் வைத்தாய். மேல்விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் பதினொரு பக்கங்களையும் படித்தேன். ஒலிப்பதிவின் உரிமை என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, உனக்கு நன்றாகவே தெரிந்த நாட்டார் பாடகர் நிக் ஜோன்ஸின் கதையை மறுபடியும் சொன்னேன். 1982இல் அவர் கார் விபத்தில் சிக்கியதையும், தொடக்ககால இசைத்தட்டுகளின் உரிமை பிறர் கையில் இருந்ததால் அவை பல பத்தாண்டுகள் மறுபதிப்பே காணாமல் கிடந்ததையும், கடைசியில் குடும்பத்தாரே பழைய மேடைப் பதிவுகளைத் தேடித் திரட்டி 1998இல் சொந்தமாக ஒரு தட்டு வெளியிட்டதையும், ஏதோ எனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் போலச் சொன்னேன். நீ கண்ணாடியில் வழிந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "நான் கையெழுத்துப் போட்டால் உனக்கு வேலை இருக்காது, இல்லையா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கினேன்.

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. பதில், ஆம் என்பதுதான். ஆனால் அதற்காகத்தான் தடுத்தேன் என்று நீ எண்ணினால், அது முழு உண்மை ஆகாது. சொந்தக் காலில் நின்றவர்கள் நம் கண்ணெதிரிலேயே இருந்தார்கள். யார்க்‌ஷயரில் பாடகி கேட் ரஸ்பியின் குடும்பமே அவருடைய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்துகிறது. ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ் என்ற பெயரில் பாடும் இருவரும் 1996இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நிரப்பிக் காட்டினார்கள். அவர்கள் பெயரை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்கள் அந்த இடத்துக்கு வருவதற்குள் எத்தனை ஆண்டுகள் பப்புகளின் மாடியறைகளில் பாடித் தீர்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். மன்னித்துவிடு. ஆயிரம் அச்சடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று கணக்குப் போட்டவனும் நான்தான்.

ஆனால் பிரெக்ஸிட்டால் 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வேலையாகப் போவதும் விற்கப் பொருள் கொண்டுபோவதும் காகிதப் போராட்டமாக மாறி, நம் ஹாலந்துப் பயணங்கள் நின்றதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஒரு பாடல் ஓராண்டில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்டால்தான் பணம் என்று 2024இல் ஸ்பாட்டிஃபை விதித்தபோது, உன் பாதிப் பாடல்கள் எழுநூறிலும் எண்ணூறிலும் நின்றன. அதற்கும் டீபேயில் பெய்த மழைதான் காரணமா?

சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிடுகிறேன். வானொலியில் உன்னிடம் பேட்டி கண்டவர் 'சுயாதீனக் கலைஞர்' என்று உன்னை அறிமுகப்படுத்தினார். எல்லாவற்றையும் தனி ஆளாகவே செய்ததாக நீ சொன்னாய். அந்தத் தனி ஆளுக்குள் ஓர் ஓட்டுநர் இருந்தான், இடைவேளையில் மேசை போட்டு விற்றவன் இருந்தான், கிளப்பின் குலுக்கல் சீட்டில் விழுந்த ஒயின் பாட்டிலைச் சம்பளமாக வாங்கிக்கொண்டவன் இருந்தான். நான் அந்தப் பேட்டியைக் கேட்டது, உன் கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போகும் வழியில்.

விட்பியில் ஒரு கிழவர் என் மேசைக்கு வந்தது உனக்குத் தெரியாது. ஒலிவாங்கி இல்லாத அறையில் உன் சொந்தப் பாடலின் பல்லவியை நாற்பது பேரும் சேர்ந்து பாடி முடித்திருந்தார்கள். இது எந்த மாவட்டத்துப் பழம்பாட்டு என்று அவர் கேட்டார். நீ மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதியது என்றேன். அவர் நம்பவில்லை, தன் வீட்டுப் புத்தகத்திலேயே இருப்பதாகச் சொல்லி, குறுந்தகடு வாங்காமல் போய்விட்டார். உனக்கு இதைவிடப் பெரிய விருது எதையும் யாரும் தந்ததில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். எதற்கோ கோபமாக இருந்தேன். எதற்கென்று இப்போது நினைவில்லை.

1970இல் ஒரு தட்டு வெளியிட்டு, கேட்பாரின்றி ஒதுங்கி, அது 2000இல் மறுபதிப்பான பிறகு 2005இல் அடுத்ததை வெளியிட்ட பாடகி வாஷ்தி பன்யனைக் காட்டி, "நாமும் முப்பது ஆண்டு பொறுப்போம்" என்பாய். அதில் பதினொன்று போய்விட்டது. நீ இப்போது பாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா என்று இங்கே கேட்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டிகளை உன் அக்கா வீட்டில் இறக்கிவிடுகிறேன். மூன்றாவது பெட்டியில் ஈரம் பட்டிருக்கிறது. மேலே பேனாவால் குறித்திருக்கிறேன், முதலில் அதைப் பிரி. கணக்குப் புத்தகமும் அதில்தான் இருக்கிறது. கடைசி ஹாலந்துப் பயணத்தில் நான் உனக்குத் தர வேண்டிய 86 பவுண்டை உறையில் போட்டு அதற்குள் வைத்திருக்கிறேன்.