பெஸ்ஸி கோல்மனும் பழைய ஜென்னி விமானமும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு, அமெரிக்காவின் கறுப்பினப் பெண் விமானி பெஸ்ஸி கோல்மனைப் பற்றிப் பேசப்போகிறாய் என்றதும் மனம் நிறைந்துபோனது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். "துணிச்சலான பெண்" என்பதோடு நிறுத்திவிடாதே. அவர் கைக்கு வந்த விமானங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல். நிறமும் பெண் என்பதும் போட்ட தடை, பறக்கக் கற்றுக்கொண்ட பிறகும் அவரை விடவில்லை. பணம் கிடைக்காமல் செய்தது, பழைய இயந்திரத்தில் ஏற வைத்தது.

பிறப்பு 1892, டெக்சாஸில் அட்லாண்டா என்ற ஊர். சிறுவயதில் பருத்தி எடுத்தார். 1915இல் சிகாகோ வந்து, முடிதிருத்தும் கடையில் நகம் திருத்தும் வேலை பார்த்தார். அமெரிக்காவில் எந்த விமானப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரான்சுக்குப் போ என்று சொன்னவர் 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையின் ராபர்ட் ஆபட். அதற்காகவே பிரெஞ்சு படித்து, 1920 நவம்பரில் கப்பல் ஏறினார்.

வடக்குப் பிரான்சின் லெ குரோட்டுவாவில் கோத்ரோன் சகோதரர்கள் நடத்திய பள்ளி. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு நிதானமாக விளக்கு. பயிற்சி விமானம் நியூபோர் 82. மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பிகள், மேலே துணி. ஸ்டியரிங் சக்கரம் இல்லை, பிரேக்கும் இல்லை. கைக்கு ஒரு தடி, காலுக்கு ஒரு குறுக்குச் சட்டம். தடியை முன்னும் பின்னும் அசைத்தால் மூக்கு இறங்கும், ஏறும். பக்கவாட்டில் அசைத்தால் இறக்கை சாயும். காற்சட்டம் வாலைத் திருப்பும். மாணவர் பின்னால் உட்காருவார். எஞ்சின் இரைச்சலில் ஆசிரியர் சொல்வது காதில் விழாது. இரண்டு தடிகளும் இணைந்திருப்பதால், தன் முன்னால் தானாக அசையும் தடியைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தரையிறங்கியதும் வால் சறுக்குக்கட்டை மண்ணை உரசி உரசித்தான் விமானம் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கம்பி தளர்ந்திருக்கிறதா, துணி கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சக மாணவர் ஒருவர் விபத்தில் இறந்ததைப் பார்த்த பிறகும் அவர் பயிற்சியை விடவில்லை. 1921 ஜூன் 15இல் சர்வதேச உரிமம் கைக்கு வந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் ஜென்னி வருகிறது. முதல் உலகப் போர் முடிந்து மிஞ்சிய கர்ட்டிஸ் ஜேஎன்-4 விமானங்களை மலிவாக விற்றார்கள்; அவற்றின் செல்லப்பெயர்தான் ஜென்னி. பெஸ்ஸியைப் போல வானில் வித்தை காட்டிய பலரும் அதைத்தான் வாங்கினார்கள். எஞ்சின் ஓஎக்ஸ்-5, 90 குதிரைசக்தி, தண்ணீரால் குளிரும் எட்டு சிலிண்டர். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ ஒன்றே ஒன்று. அது நின்றால் எஞ்சினும் நிற்கும். வால்வு பாகங்கள் வெளியே திறந்தே கிடக்கும், அடிக்கடி கிரீஸ் போடாவிட்டால் தேயும்.

1923 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சாந்தா மோனிகாவில், மேலே ஏறிக்கொண்டிருந்தபோது ஏறக்குறைய 300 அடியில் எஞ்சின் நின்றது. அந்த உயரம் பொல்லாதது. வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்கலாம், ஆனால் அதற்குக் கீழே இடம் வேண்டும். விழுந்ததில் காலும் விலா எலும்புகளும் முறிந்தன. குணமானதும் மறுபடி பறந்தார்.

டெக்சாஸில், தான் வளர்ந்த வாக்ஸஹாச்சியில், அவர் பறந்து காட்டும் நிகழ்ச்சிக்கு வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வாசல் வைக்கப் பார்த்தார்கள். ஒரே வாசல் என்றால்தான் பறப்பேன் என்றார். வாசல் ஒன்றானது, உள்ளே இருக்கை மட்டும் பிரிந்தே இருந்தது. இந்தப் பாதி வெற்றியையும் மறைக்காமல் சொல்.

1926இல் டல்லஸில் வாங்கிய பழைய ஜென்னியை மெக்கானிக் வில்லியம் வில்ஸ் புளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு ஓட்டி வந்தார். வழியிலேயே பழுதாகிப் பலமுறை இறக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 30 அன்று வில்ஸ் ஓட்ட, பெஸ்ஸி மற்ற இருக்கையில். "ஏன் பெல்ட் போடவில்லை?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மறுநாள் பாராசூட்டில் குதிக்க வேண்டிய இடத்தை விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பெல்ட் கட்டினால் முடியாது. விமானம் திடீரெனக் குப்புறப் பாய்ந்து சுழன்றது, அவர் வெளியே வீசப்பட்டார். வில்ஸும் பிழைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பற்சக்கரங்களுக்குள் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்ததைப் பிறகு கண்டார்கள். விமானத்துக்குள் ஒரு கருவியைத் தளர்வாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியாது. விமானங்களைச் சோதிக்கவும் விமானிகளுக்கு உரிமம் வழங்கவும் அமெரிக்காவில் சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு மே 20இல். இருபது நாள் தள்ளி.

அவர் தொடங்க நினைத்த பயிற்சிப் பள்ளி அவர் காலத்தில் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் பவல் அவர் பெயரிலேயே ஒரு விமானக் கழகம் தொடங்கி, கறுப்பின இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்.

உரிமத்தின் படத்தைக் காட்டுவாய் என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை. அதில் பிறந்த ஆண்டு 1896 என்றிருக்கும். 1892தான் சரி, கேட்டால் தடுமாறாதே.

அன்புடன்,
உன் தோழி