சம்பளக் கவரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஃப்ளாப்பர் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குட்டைப் பாவாடை, கிராப் வெட்டிய தலை, உதட்டில் சிகரெட், விடிய விடிய ஜாஸ் ஆட்டம், 1920களில் அமெரிக்கப் பெண்கள் இப்படித் தறிகெட்டுத் திரிந்தார்கள், மௌனப் படங்கள் அவர்களை ஏற்றிவிட்டன, இப்போது நம் வீட்டுப் பெண்களை செல்போன் ஏற்றிவிடுகிறது என்று முடித்திருந்தார் எழுதியவர். போட்டோக்கள் நன்றாக இருந்தன. ஆனால் அந்தப் படங்களில் ஒன்றையாவது அவர் முழுசாகப் பார்த்தாரா என்பதுதான் என் சந்தேகம். அவற்றில் வேலை பார்த்துச் சம்பளக் கவர் வாங்கும் பெண்ணும் இருக்கிறாள், அவளை அப்படியே விட்டுவிட்டார்.

கிளாரா போ நடித்த 'இட்' (1927) யூட்யூபில் இருக்கிறது, ஒண்ணேகால் மணி நேரம்தான். அதில் அவள் பெரிய ஜவுளிக்கடை மாதிரி ஒரு கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற சேல்ஸ் கேர்ள். பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடப் போக வேண்டும், போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு இல்லை. வேலைக்குப் போட்டிருந்த அதே உடுப்பை, அது உடம்பில் இருக்கும்போதே, கத்தரிக்கோலால் கழுத்தை வெட்டி இறக்கி, பார்ட்டி உடுப்பாக மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். உங்கள் கட்டுரை சொல்கிற அந்த ஆடம்பரம் இதுதான். அப்புறம் இன்னொரு காட்சி. கூடத் தங்கியிருக்கும் தோழிக்குக் கைக்குழந்தை, புருஷன் இல்லை, உடம்பு முடியாமல் வேலைக்கும் போக முடியவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போக இரண்டு அம்மணிகள் வந்து நிற்கிறார்கள். இவள் குறுக்கே விழுந்து, குழந்தை என்னுடையது, எனக்கு வேலை இருக்கிறது, நான் வளர்ப்பேன் என்று சண்டை போடுகிறாள். அந்தப் பொய்யால் அவள் பெயர் கெடுகிறது. அவளை விரும்பிய முதலாளி அதை நம்பிக்கொண்டு, கல்யாணம் வேண்டாம், நகை வாங்கித் தருகிறேன், வைத்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் பேச, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிடுகிறாள். தறிகெட்டவள் இவளா?

லாங் பஜார் பக்கம் ஒரு துணிக்கடையில் புடவை செக்‌ஷனில் பல வருஷம் நின்றவள் நான். நின்றவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார ஸ்டூல் கிடையாது, சூப்பர்வைசர் பார்வை படாத தூண் ஓரமாகப் போய்க் கொஞ்சம் சாய்ந்துகொள்வோம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். அதனால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஒரு பெண்ணைத் திரையில் பார்த்தால் என் கண் முதலில் அவள் காலுக்குத்தான் போகும், பாவாடை நீளத்துக்கு இல்லை.

அந்தப் படங்கள் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆறேழு ரீலுக்கு அவளை ஆடவிட்டுக் காசு பார்ப்பார்கள், கடைசி ரீலில் பணக்காரன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். 'இட்' படத்திலும் அதே முதலாளியோடுதான் சேர்த்துவைக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. நம் ஊர்ப் படத்தில் திமிர் பிடித்த கதாநாயகி கடைசியில் புடவை கட்டிக்கொண்டு வருவாளே, அதற்கு அண்ணன் முறை. ஜோன் கிராஃபோர்டின் 'அவர் டான்சிங் டாட்டர்ஸ்' (1928) மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அதில் பார்ட்டியில் ஆட்டம் போடுகிறவள் நல்லவள், குனிந்த தலை நிமிராதவள் மாதிரி நடிப்பவள்தான் பணத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். இதையாவது உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம்.

அமெரிக்கா வரைக்கும் போவானேன். ரூபி மையர்ஸ், சுலோசனா என்ற பெயரில் நடித்தவர், சினிமாவுக்கு வரும் முன் டெலிபோன் ஆபரேட்டர். 1926இல் 'டைப்பிஸ்ட் கேர்ள்', 'டெலிபோன் கேர்ள்' என்று பம்பாயில் நடித்தார். கூலி வாங்கும் பெண்ணைத் திரையில் பார்க்க இங்கேயும் ஜனம் டிக்கெட் வாங்கியது. ஓட்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கப் பெண்களுக்கு 1920இல் ஓட்டு, சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921இல். நம் வேலூரிலேயே ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தது 1918. அதே காலத்துப் பெண்கள்தான் எல்லோரும்.

இன்னொரு குறை. மௌனப் படம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார் வேலூர்க்காரர் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. குடும்பப் பெண்கள் நடிக்க முன்வராத காலத்தில், அடுத்து எடுத்த 'திரௌபதி வஸ்திராபஹரணம்' படத்தில் திரௌபதி வேஷத்துக்கு அவர் ஆங்கிலோ-இந்தியப் பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அவர் எடுத்த படம் எதுவும் இன்றைக்கு மிச்சமில்லை, அதனால் போட்டோ தேடி அலைய வேண்டிய வேலையும் உங்களுக்கு இல்லை. அடுத்த இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆனால் செல்போனை அதில் இழுக்காத ஆளாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்