47 வருசம் இல்ல பிள்ள, கணக்கு பிழை

அன்பு மகளுக்கு,

நீ போன ஞாயிறு அனுப்பின வொய்ஸ் மெசேஜை நான் ரெண்டு தரம் கேட்டன், அம்மா மூண்டாம் தரமும் போட்டுக் கேட்டா. எங்கட திருகோணமலை எம்பி சம்பந்தன் ஐயா செத்து ஒரு வருசம் ஆகுது எண்டு நான் குரூப்பில ஒரு படம் போட்டதுக்கு, "47 வருசம் எம்பியா இருந்து அந்த மனுசன் என்னத்தக் கிழிச்சவர் அப்பா" எண்டு கேட்டிருந்தாய். உடன பதில் சொல்லத்தான் வாய் வந்தது, ஆனா கோவத்தில வொய்ஸ் போட்டா நீ பேந்து ரெண்டு கிழமைக்கு போன் எடுக்க மாட்டாய், அதால ஆறுதலா இருந்து எழுதுறன். போனில தட்டுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள், கண்ணாடி மாத்தோணும்.

முதல் கணக்கைப் பாப்பம். கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்தில, முப்பத்தேழு வருசம் கிளார்க்கா இருந்தவன் நான், கணக்குப் பிழைச்சா எனக்கு நித்திரை வராது. 1977 க்கும் 2024 க்கும் இடையில 47 வருசம், அது சரி. ஆனா அவர் பாராளுமன்றத்தில இருந்தது 77 இல இருந்து 83 மட்டும் ஆறு வருசம், பேந்து 97 இல இருந்து 2000 மட்டும் மூண்டு, பேந்து 2001 டிசம்பரில இருந்து சாகும் மட்டும் இருபத்திரெண்டரை. கூட்டினா 32 கூட வராது. மிச்சப் பதினஞ்சு வருசம் தோத்தும் வெளிய நிண்டும் போனது. ஒன்பது தரம் கேட்டு ஆறு தரம் வெண்டவர், மூண்டு தரம் தோத்தவர். நீங்கள் எல்லாம் வெண்டதை மட்டும் எண்ணுறியள், நான் அந்த மூண்டையும் பற்றித்தான் கூடக் கதைக்கப் போறன்.

77 இல எனக்கு இருபது வயசு, அதுதான் நான் போட்ட முதல் வோட்டு. சாம்பல்தீவில இருந்து அப்பப்பாவோட சைக்கிளில போய் தமிழர் விடுதலைக் கூட்டணியின்ர உதயசூரியனுக்குப் புள்ளடி போட்டது. அப்ப முறை வேற, ஒரு தொகுதிக்கு ஒரு எம்பி, ஆருக்கு வோட்டுக் கூடவோ அவர் போவார், அவ்வளவுதான். சம்பந்தன் அப்ப ஊருக்குள்ள அப்புக்காத்து எண்டு தெரிஞ்ச ஆள், நாப்பத்திநாலு வயசு, வெள்ளைக் காற்சட்டை போட்டு கோட்ஸுக்குப் போற ஆள் வேட்டியோட மேடையில ஏறினதை நாங்கள் புதினமாப் பாத்தனாங்கள். அந்த முறை கூட்டணி 18 சீட் எடுத்து அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரா வந்தார். எங்கட ஊருக்கு இதுல ஒரு பெருமை இருக்கு, 1952 இல தமிழரசுக் கட்சி முதல் முதல் தேர்தல் கேட்டு வெண்டதே ரெண்டே ரெண்டு சீட், ஒண்டு கோப்பாய், மற்றது திருகோணமலை. இதை யாழ்ப்பாணத்து ஆக்களிட்டச் சொன்னா சிரிப்பினம், ஆனா உண்மை அதுதான்.

பேந்து 83 வந்துது. கலவரம் உனக்குத் தெரியும், நான் திரும்பச் சொல்லேல்ல. ஆறாம் திருத்தம் எண்டு ஒண்டு கொண்டு வந்து, தனிநாடு கேக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினாத்தான் இருக்கலாம் எண்டினம். கூட்டணி ஆக்கள் அதுக்கு முதலே சபைக்குப் போறதை நிப்பாட்டிட்டினம், மூண்டு மாசம் லீவும் இல்லாம போகாட்டி சீட் போயிடும், அப்பிடித்தான் இவரின்ர சீட்டும் போனது. தோத்துப் போகேல்ல, வராமலே போனது. அதுக்குப் பிறகு ஆறு வருசத்துக்கு இந்த ஊருக்கு ஒரு தமிழ் எம்பியும் இல்ல, அந்த ஆறு வருசம் எங்கட வாழ்க்கை என்னவா இருந்தது எண்டு அம்மாவிட்டக் கேள், நான் சொன்னா நீ கூட்டிச் சொல்றன் எண்டுவாய்.

89 இல தேர்தல் வரேக்க எல்லாம் மாறிட்டுது. தொகுதி முறை போய் மாவட்டம் முழுக்க ஒண்டு, திருகோணமலை, மூதூர், சேருவில மூண்டும் சேத்து நாலு சீட். வோட்டை கட்சிக்குப் போட்டிட்டு கீழ நம்பருக்கு மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். நாலு சீட்டுக்கு ஒவ்வொரு கட்சியும் ஏழு பேரை நிப்பாட்டலாம், அதனால ஒரே கட்சிக்குள்ளயே அண்ணனும் தம்பியும் அடிபடுற முறை இது, இதைக் கண்டுபிடிச்சவனைக் கும்பிடோணும். அந்த முறை ஆமிக்காரன் ஒரு பக்கம், இந்தியன் ஆமி மற்றப் பக்கம், சுயேச்சையா கேட்ட ஈரோஸ் இயக்க ஆக்கள் தமிழ் வோட்டைத் தூக்கிக்கொண்டு போட்டினம். இவர் தோத்தார்.

94 இலயும் கேட்டார். கூட்டணிக்கு ஒரு சீட் கிடைச்சது, ஆனா விருப்பு வாக்கில தங்கத்துரை முன்னுக்கு. அதாவது கட்சி வெண்டும் இவர் தோத்தார். 1997 ஜூலை 5, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில ஒரு விழாவுக்கு வந்த தங்கத்துரையைக் குண்டெறிஞ்சு கொன்றது உனக்கு மங்கலா ஞாபகம் இருக்கும், நீ அப்ப ஒன்பது வயசு, வெடிச் சத்தம் கேட்டு நான் கச்சேரியில இருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு உன்ர பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தனான். ஊர் அதைப் பற்றிக் கதைச்ச கதையெல்லாம் கதவைச் சாத்திப்போட்டு கதைச்ச கதை. லிஸ்டில அடுத்த ஆள் எண்டபடியா அந்தச் சீட்டுக்கு சம்பந்தன் போனார். யோசிச்சுப் பார், பதினாலு வருசத்துக்குப் பிறகு பாராளுமன்றத்துக்குள்ள போறார், ஆனா எப்பிடிப் போறார். அந்தக் கதிரையில இருக்க எனக்கெண்டா பயம் வந்திருக்கும். அவர் போய் இருந்தார்.

2000 இல திரும்பக் கேட்டு திரும்பத் தோத்தார், கூட்டணிக்கு திருகோணமலையில ஒரு சீட்டும் இல்ல. அந்த ரிசல்ட் இரவு நான் டியூட்டியில இருந்தனான், விடியப்புறம் மூண்டு மணிக்கு பிளேன்டீ குடிச்சுக்கொண்டு பக்கத்தில இருந்த கிண்ணியாக்கார முஸ்லிம் நண்பர் சொன்னார், "உங்கட ஆக்கள் இப்பிடிப் பிரிஞ்சு போட்டா அடுத்த முறையும் இதுதான்" எண்டு. அவர் நல்லதுக்குத்தான் சொன்னவர். இந்த மாவட்டத்தில தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டும் கிட்டத்தட்ட ஒரு பங்கு ஒரு பங்கு, மற்ற ஊரில மாதிரி இஞ்ச வோட்டு சிதறினா ஒரு சீட் குறையாது, இருக்கிற ஒண்டும் போயிடும். அந்தப் பயம் அண்டைக்கு எங்களுக்குள்ள வந்து இருந்தது தான் பிள்ள, பேந்து எழும்பேல்ல.

நீ என்ன செய்தவர் எண்டு கேக்கிறாய், நான் சொல்றன் அவருக்கு விழுந்த வோட்டில பாதி அவருக்கு, மற்றப் பாதி இந்தப் பயத்துக்கு. 2001 இல தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எண்டு எல்லாரையும் ஒண்டாச் சேத்து கேக்கேக்க விருப்பு வாக்கு 40 ஆயிரம், 2004 இல தமிழரசுக் கட்சியின்ர வீட்டுச் சின்னத்தில 47 ஆயிரத்துக்கு மேல. அந்த முறை எங்கட மாவட்டத்தில ரெண்டு தமிழ் எம்பி, நாட்டில கூட்டமைப்புக்கு 22 சீட். சந்தோசத்துக்கு நாங்கள் பத்திரகாளி அம்மன் கோயிலில தேங்காய் உடைச்சது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த 22 சீட்டுக்குப் பின்னால புலிகளின்ர நிழல் இருந்தது எண்டும் எல்லாருக்கும் தெரியும், அதைத் தெரியாத மாதிரி இப்ப நாங்கள் கதைக்கிறது சரியில்ல.

2006 ஜனவரி 2, கடற்கரையில அஞ்சு பெடியளைச் சுட்டது. உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புற முடிவு நானும் அம்மாவும் அண்டிரவு எடுத்தது, நீ ஏஎல் சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருந்தாய், உனக்குச் சொல்லேல்ல. அவர் பாராளுமன்றத்தில அதைக் கதைச்சார், விடாமக் கதைச்சார், ஆனா 2019 இல இஞ்ச கோட்ஸில வழக்குப் போட்ட ஆக்கள் எல்லாரையும் விட்டிட்டினம். கதைச்சதால என்ன கண்டது எண்டு நீ கேட்டா என்னிட்ட பதில் இல்ல. கதைக்காம விட்டிருந்தா என்ன எண்டும் நான் உன்னைக் கேக்கலாம், அதுக்கும் உன்னிட்ட பதில் இருக்காது.

சண்டை முடிஞ்சு 2010 இல விருப்பு வாக்கு 24 ஆயிரத்துக்கு இறங்கிட்டுது. 2015 இல திரும்ப 33 ஆயிரம், ஜனாதிபதி மகிந்த தோத்துப் போன நம்பிக்கையில வந்தது. அந்த முறை ரெண்டு பெரிய கட்சியும் சேந்து அரசாங்கம் அமைச்சபடியா 16 சீட்டோட இவர் எதிர்க்கட்சித் தலைவர், அமிர்தலிங்கத்துக்குப் பிறகு முதல் தமிழர். சம்பூர் சனம் காணிக்குத் திரும்பினதும் அந்தக் காலம்தான், ஒன்பது வருசம் முகாமில கிடந்ததுகள், உன்ர சின்ன மாமியவையும் அதுக்குள்ள. அனல்மின் நிலையம் வருது எண்டு பிடிச்சு வைச்ச இடம், 2016 இல அந்தத் திட்டத்தையும் கைவிட்டினம். இதை அவர் தனியச் செய்தார் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா கிழிச்ச லிஸ்டில இதையும் எழுது.

கிழிக்காத லிஸ்டும் இருக்கு. 2016 க்குள்ள தீர்வு வரும் எண்டார், வரேல்ல. ஒவ்வொரு தீபாவளிக்கும் இஞ்ச ஓட்டோ ஸ்டாண்டில பெடியள் "எந்த வருசத் தீபாவளிக்குத் தீர்வு ஐயா" எண்டு பகிடி விட்டுக்கொண்டிருந்தாங்கள். 2012 மே தினத்தில யாழ்ப்பாணத்தில சிங்கக்கொடி, அதான் நாட்டுக்கொடி, பிடிச்சதுக்கு உன்ர மாமா இண்டைக்கும் மன்னிக்கேல்ல. எனக்கு அதுல பெரிய கோவம் இல்ல. எனக்குக் கோவம், தனக்குப் பிறகு ஆர் எண்டு கடைசி மட்டும் ஒருத்தரையும் வளக்காமப் போனது. 2024 ஜனவரியில தமிழரசுக் கட்சிக்குத் தலைவர் தெரிவு இஞ்ச திருகோணமலையில தான் நடந்தது, அது முடிஞ்ச கையோட வழக்கும் இஞ்சத்தக் கோட்ஸுக்கே வந்துது, அவர் உயிரோட இருக்கேக்கயே வீடு கலகலத்துப் போச்சு.

சரி, இப்ப நான் உனக்குச் சொல்லாத ஒண்டு. வேலையில இருந்த காலம் முழுக்க எனக்குத் தபால் வாக்கு, நேர போய்ப் போடுறதில்ல. பென்சன் எடுத்த பிறகு வந்த முதல் பொதுத் தேர்தல் 2020 ஓகஸ்ட் 5, கொரோனா நேரம், மாஸ்க் போட்டு சொந்தப் பேனை கொண்டு வாங்கோ எண்டு சொன்னவங்கள். அவருக்கு 87 வயசு, மேடைக்கே ஆக்கள் பிடிச்சுத்தான் ஏத்தினவை. நான் உள்ள போய் வீட்டுக்குப் புள்ளடி போட்டன். கீழ நம்பருக்கு வந்தன், வேற ரெண்டு நம்பருக்குப் போட்டிட்டு அவரின்ர நம்பரை விட்டிட்டன். 77 இல இருந்து முதல் தரம். 2015 இல உன்னோட இதே விசயத்துக்கு "எங்களுக்கு ஆரம்மா வேற இருக்கினம்" எண்டு போனில கத்தின அதே ஆள் தான். வெளிய வந்து வேப்பமரத்துக்குக் கீழ கொஞ்ச நேரம் நிண்டன், அம்மா என்னப்பா தலை சுத்துதோ எண்டு கேட்டா. பேந்து வந்த ரிசல்ட்டில 21 ஆயிரம் சொச்சத்தோட அவர் திரும்ப வெண்டிட்டார், எனக்கு அப்பாடா எண்டிருந்தது, அதை நினைக்க வெக்கமாயும் இருந்தது.

2024 ஜூன் 30 கொழும்பில செத்தார், 91 வயசு. பாராளுமன்றத்தில வைச்சு, யாழ்ப்பாணம் கொண்டு போய், பேந்து தான் ஊருக்குக் கொண்டு வந்தவை. நான் வரிசையில நிண்டு பாத்திட்டு வந்தனான். எனக்கு முன்னுக்கு மூதூர் பக்கத்து வயசான முஸ்லிம் மனுசர் ஒருத்தர், பின்னுக்கு காதில இயர்போன் போட்ட பெடியன் ஒருத்தன், மூண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல. அந்த வருச நவம்பர் தேர்தலில அனுரவின்ர கட்சி திசைகாட்டிக்கு இஞ்ச ரெண்டு சீட், சஜித்தின்ர கட்சிக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு, குகதாசன். அந்த ஒண்டு தப்பினதுக்கு அண்டிரவு ஊரே மூச்சு விட்டது.

47 ஆயிரத்தில இருந்து 21 ஆயிரத்துக்கு எங்க போனது எண்டு நீ யோசிச்சனியே? கொஞ்சப் பேர் செத்துப் போச்சினம், கொஞ்சப் பேர் என்னைப் போல பேனையைத் திருப்பினவை, மற்றவை உங்களைப் போல பிளேன் ஏறினவை. சீட்டைப் பிரிக்கிறதே வாக்காளர் இடாப்பில இருக்கிற பேரைப் பாத்துத்தான், யாழ்ப்பாணத்துக்கு 9 இருந்தது, 2015 இல 7 ஆச்சு, 2024 இல 6. கோவிக்காத, உன்னைக் குத்தம் சொல்லேல்ல, அனுப்பினது நான் தானே.

போன கிழமை ஜிஎஸ், எங்கட கிராம சேவகர், இடாப்புப் பாக்க வந்தவர். உன்ர பேர் இவ்வளவு காலமும் அதுல இருந்தது, 2008 இல நீ போன பிறகும், ஒவ்வொரு வருசமும் அம்மா "ஓ இருக்கிறா, கொழும்பில வேலை" எண்டு சொல்லிச் சொல்லி வைச்சிருந்தா, நானும் கச்சேரிக்காரன், தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். நீ ஒரு நாளும் போடாத வோட்டு. இந்த முறை நானே வெட்டச் சொல்லிட்டன். அம்மா ஒண்டும் சொல்லேல்ல, குசினிக்குள்ள போய் பைப்பைத் திறந்து விட்டிட்டு நிண்டா, ஜிஎஸ் தேத்தண்ணி குடிக்காமலே போட்டார்.

ஞாயிறு போன் எடு, முதல் அம்மாவோட கதை.

அப்பா