எருமையா, குடு மானா?

பிரிட்டோரியா,
ஜூன் 14.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டிலேயே கிடப்பவன், நேரமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு பழைய கதை குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதை உனக்கு நான் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

உன் மகள் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் இவள் பாயசமே வைத்துவிட்டாள். இரவல் சட்டையில் நேர்முகத் தேர்வுக்குப் போன பயலின் மகளா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இங்கே இப்போது வறட்டுக் குளிர்காலம். விடிகாலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. செப்டம்பருக்குள் நன்றாக நடக்கலாம் என்கிறார் மருத்துவர்.

இனி உன் கேள்வி. டெக்ஸாஸில் பதினைந்து ஆண்டு வெள்ளைவால் மான் வேட்டையாடியாகிவிட்டது. ஓய்வுப் பணத்தில் ஒரு முறை ஆப்பிரிக்கா. அது கேப் எருமைக்கா, இல்லை குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக் என்று மான் போன்ற சமவெளி விலங்குகளுக்கா? கேட்டதோடு நிற்காமல், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே மேல் என்று நம் தமிழையா நடத்தியதை எனக்கே திருப்பி நடத்தியிருக்கிறாய். பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் அந்த வேல் தப்பான இடத்தில் பட்டிருந்தால், காயம்பட்ட யானையின் பின்னால் புதருக்குள் யார் போவார் என்று தமிழையா சொல்லவே இல்லை. நாமும் கேட்கவில்லை.

நான் ஜாம்பியாவின் செப்புச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்த காலம் அது. நடந்து பதினெட்டு ஆண்டு ஆகியிருக்கும். எல்லை தாண்டி ஜிம்பாப்வே பக்கத்து ஜாம்பெசி பள்ளத்தாக்குக்குப் பத்து நாள் எருமை வேட்டைக்குப் போனேன். அதற்கு முன்பு நான் சுட்டது மொத்தம் நான்கு இம்பாலா. கையில் இரவல் வாங்கிய .375 ரைஃபிள். அதன் உதையை நினைத்தாலே தோள் கூசும்.

மூன்றாம் நாள் காலை. தடம் பார்ப்பவர் முன்னால், அடுத்து வழிகாட்டி, மூன்றாவதாக நான். தடம் பார்ப்பவருக்கு நாற்பது வயதுக்கு மேல். பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு. கையில் ஒரு சின்னத் துணிப்பை நிறையச் சாம்பல். அவ்வப்போது அதை விரலால் சுண்டுவார், கிளம்பும் சாம்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வழியைத் திருப்புவார். எருமைக்கு நம் வாடை போய்விட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஒன்பது மணி வாக்கில் இரண்டு கிழ எருமைகளைக் கண்டோம். மந்தையை விட்டு ஒதுங்கிச் சேற்றில் புரளும் இந்தக் கிழங்களை இங்கே ‘டாக்கா பாய்’ என்பார்கள். டாக்கா என்றால் சேறு, சுவருக்குப் பூசும் மண். கொம்பு இரண்டும் நெற்றியில் சேருமிடம் பாறைபோல இறுகியிருந்தால் முதிர்ந்தது. அங்கே மயிரும் மென்மையும் இருந்தால் இளசு, விட்டுவிட வேண்டும். இது பாறைதான். அறுபது மீட்டர். துப்பாக்கியைத் தாங்கும் முக்காலிக் கம்பை ஊன்றினார்கள். தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்தேன். நீ உன் மானுக்குக் குறிவைக்கிற அதே இடம்.

அதுதான் பிழை. ஆப்பிரிக்க விலங்குகளுக்கு இதயமும் நுரையீரலும் முன்தள்ளி, தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நேர் மேலே இருக்கின்றன. முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வந்து, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். நான் அதைத் தாளில் படித்திருந்தேன், கை படிக்கவில்லை.

எருமை கூனிக் குதித்து முட்புதருக்குள் ஓடியது. அந்தப் பள்ளத்தாக்கில் ‘ஜெஸ்’ என்று ஒரு புதர்க்காடு உண்டு. ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். சாகிற எருமை நீளமாக ஒரு முனகல் விடும், அதற்காகக் காது கொடுத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு புதரோரம் போய்ப் பார்த்தால், புல் நுனியில் இரத்தத்தோடு பச்சையாக அரைத்த புல். குடலில் பட்டிருக்கிறது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான்கு மணி நேரம். தடம் பார்ப்பவர் குனிந்தபடியே முன்னால் போனார். அவர் கையில் துப்பாக்கி கிடையாது, ஒரு குச்சி. துளி இரத்தம் கண்ட இடத்தை அந்தக் குச்சியால் தொட்டுக் காட்டுவார், நகர்வார். ரைஃபிள் வரிசையில் மூன்றாவது ஆளான என்னிடம். காயம்பட்ட எருமை வளைந்து வந்து தன் தடத்துக்குப் பக்கத்திலேயே காத்து நிற்கும் என்று கேள்விப்பட்டிருப்பாய். நின்றது. அவர் பக்கவாட்டில் முள்ளுக்குள் பாய்ந்தார், வழிகாட்டி பத்தடியில் இரண்டு முறை சுட்டார். நான் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திய நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்த கையோடு அவர் வந்து என் கையைக் குலுக்கினார். நல்ல எருமை என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, அறுந்துபோன செருப்பு வாரை முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

அந்தக் கொம்பு என் வீட்டில் இல்லை என்பதை நீ கவனித்திருக்கிறாயா? போன தடவை வந்தபோது கேட்பாய் என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஆகவே ‘ஆபத்தான விலங்கு’ என்று நீங்களெல்லாம் விளம்பரத்தில் படிக்கிறீர்களே, அதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: யாருக்கு ஆபத்து? எருமை என்றால் எழுநூறு கிலோ கோபம், அது உண்மை. அந்தக் கோபம் முதலில் எதிர்கொள்வது பணம் கட்டியவனை அல்ல. நீ அங்கே பொறுப்போடு நிற்க வேண்டுமானால் முதல் குண்டு சரியாகப் போக வேண்டும். அதற்கு வேண்டியது இந்த மண்ணின் விலங்குகள்மேல் பழகிய கண். அது டெக்ஸாஸில் மரப்பரணில் உட்கார்ந்து வராது.

பத்து நாள் எருமை வேட்டையில் நீ ஒரு முறை சுடுவாய். பத்து நாள் சமவெளி வேட்டையில் இருபது முறை தவழ்ந்து போவாய், ஐந்தாறு முறை சுடுவாய், மீதி முறையெல்லாம் தோற்றுத் திரும்புவாய். அந்தத் தோல்விதான் பாடம்.

இதை எளிது என்று நினைத்துவிடாதே. கல்லூரி நாளில் கிண்டியில் திருகு கொம்பு இரலையை வேலியோரம் நின்று பார்ப்போமே, அதைக் குதிரையளவு வளர்த்து, சாம்பல் பூசி, விலாவில் சுண்ணாம்புக் கோடு இழுத்தால் குடு. புதருக்குள் நின்றால் முழு விலங்கும் கண்ணில் படாது; ஒரு காது அசையும், கொம்பின் ஒரு வளைவு கிளையைப் போல இருக்கும், அவ்வளவுதான். நீ அதைக் கண்டுபிடிப்பதற்குள் அது உன்னைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு பலவீனம் உண்டு: ஓடிப் போகும்போது கடைசியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்குள் கம்பில் துப்பாக்கி அசையாமல் இருந்தால் உனக்கு. ஐம்பது அங்குலத்துக்கு மேல் கொம்பு இருந்தால் நல்ல குடு. ஆனால் தயவுசெய்து அளவு நாடாவோடு வராதே.

ஜெம்ஸ்பாக் வேறு விதம். திறந்த வெளி, நூற்றைம்பது இருநூறு மீட்டர், காற்று பக்கவாட்டில் தள்ளும். நீளக் கொம்பு என்றால் ஆண் என்று எண்ணிவிடாதே, பெண்ணுக்குத்தான் கொம்பு நீளம். காயத்தோடு விழுந்து கிடக்கும் ஜெம்ஸ்பாக்கின் கொம்பருகே அவசரப்பட்டுப் போனவர்கள் குத்துப்பட்டிருக்கிறார்கள். மாடு போன்ற உடம்புள்ள நீல வில்டபீஸ்டை இங்கே ‘ஏழையின் எருமை’ என்று சும்மா சொல்லவில்லை. தப்பான இடத்தில் ஒரு குண்டை வாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடக்க வைக்கும். எருமைக்குப் போகுமுன் நீ பரீட்சை எழுத வேண்டியது அதனிடம்தான்.

இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமே என்று கேட்பாய். முடிக்கலாம், ஆனால் வரிசை தலைகீழ். எருமைக் காட்டில் வழிகாட்டிகள் முதலில் எருமையைத்தான் தேடுவார்கள். இம்பாலாவுக்கு வைத்த வெடிச்சத்தம் எருமை மந்தையைக் கலைத்துவிடும். நீ கற்றுக்கொள்ள வேண்டியது பரீட்சை முடிந்த பிறகு வரும்.

நமீபியாவுக்குப் போ. விண்ட்ஹூக்கிலிருந்து வடக்கே, ஓட்சிவரோங்கோ, வாட்டர்பெர்க் பக்கம். மாட்டுப் பண்ணைகளின் தாழ்ந்த வேலியைக் குடு ஒரு தாவலில் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் நிலம். பிப்ரவரி முதல் நவம்பர் வரை அங்கே வேட்டைப் பருவம் உண்டு. உன் .30-06 ரைஃபிள் போதும். அங்கே குடு, ஜெம்ஸ்பாக் போன்றவற்றுக்குச் சட்டம் கேட்கும் குண்டின் ஆற்றல் 2,700 ஜூல், உன் துப்பாக்கி 180 கிரெயின் எடைக் குண்டோடு சுமார் 3,900 தரும். எருமைக்கு 5,400 ஜூல் வேண்டும்; அதற்குத்தான் .375. புது ரைஃபிள் வாங்கத் துடிக்கிறாய் என்று தெரியும். இந்த ஆண்டு வேண்டாம்.

செலவு: ஜிம்பாப்வேயில் பத்து நாளும் ஓர் எருமையும் பதினைந்தாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தொடும். நமீபியாவில் அதில் பாதியில் ஐந்தாறு விலங்குகளோடு திரும்பலாம். எங்கே போனாலும் ஒரு விதி ஒன்றுதான்: ஒரு துளி இரத்தம் தரையில் விழுந்துவிட்டால், விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணம் உன் கணக்கில். நியாயமான விதி.

தென்னாப்பிரிக்காவில் மலிவாக எருமை கிடைக்கிறது என்று யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்கள். 1991-இல் வந்த சட்டம் ஒன்று, முறையாக வேலி போட்ட நிலத்திலுள்ள காட்டு விலங்குக்கு நிலத்துக்காரனை உரிமையாளனாக்கியது. அதனால் மாடு மேய்ந்த இடமெல்லாம் மான் மேய ஆரம்பித்தது, அது நல்லதுதான். பெரிய பண்ணைகளில் வேலி கண்ணில்கூடப் படாது. ஆனால் ஏலத்தில் வாங்கிப் போன மாதம் லாரியில் இறக்கிய எருமையைச் சுடுவதற்கு நீ அட்லாண்டிக்கைத் தாண்டி வர வேண்டாம். கூண்டில் வளர்த்த சிங்கம் பற்றி நீ கேட்ட வரிக்கு நான் பதிலே எழுதப் போவதில்லை. கென்யாவில் 1977 முதலே வேட்டை கிடையாது. போட்ஸ்வானா 2014-இல் மூடி 2019-இல் திறந்தது. அங்கே யானை விலை நம் இருவரின் ஓய்வுப் பணத்தையும் சேர்த்துக் கேட்கும்.

உன் மனைவி, எதற்காக ஓர் உயிரைப் போய்க் கொல்ல வேண்டும் என்று கேட்டதாக எழுதியிருந்தாய். நமீபியாவில் ஊர்மக்களே நடத்தும் காப்பு நிலங்களில் இந்தக் காசு காவலாளின் சம்பளமாகிறது, இறைச்சி வீடுகளுக்குப் போகிறது, அதனால் ஆட்கள் விலங்கை மிச்சம் வைக்கிறார்கள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது காவலாளைப் பற்றியல்ல, உன்னைப் பற்றி. அதற்கு என்னிடமும் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் உணவுக்காக மட்டும் ஆண்டுக்கு ஒரு இம்பாலா, ஒரு குடு என்று நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அது போதாது என்று தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. உனக்கு அறுபத்தொன்று. எருமைக்கு ஒரு நாளில் பதினைந்து கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். ஐந்து ஆண்டு பழகிவிட்டு வா என்று நான் சொன்னால் அது உன்னைக் கேலி செய்வதாகும். அதனால் இந்தச் செப்டம்பரில் நமீபியா. வில்டபீஸ்ட் ஒன்றை ஒரே குண்டில் விழுத்தாட்டு. அடுத்த ஆண்டே ஜாம்பெசிக்கு நானே எழுதி ஏற்பாடு செய்கிறேன். அந்த வழிகாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அங்கே போகும்போது நீல நிறத்தில் எதுவும் உடுத்தாதே. இரத்தம் குடிக்கும் செட்சி ஈ அந்த நிறத்துக்கு மொய்த்துக்கொண்டு வரும்.

இப்போதே செய்ய வேண்டியது: மூன்று மூங்கில் கம்பை ரப்பர் பட்டையால் முக்காலியாகக் கட்டி, தினமும் இருபது நிமிடம் அதில் துப்பாக்கியை வைத்து எடுத்துப் பழகு. நின்றபடி. மேசையில் சாய்ந்து சுட்ட சுடுதல் எதுவும் இங்கே செல்லாது.

ஜோகன்னஸ்பர்கில் இறங்கி எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும், இவள் உத்தரவு. அதற்குத் துப்பாக்கிக்கான தென்னாப்பிரிக்கப் போலீஸின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவம் வேண்டும். கறுப்பு மையில் மட்டும் நிரப்பு, கையெழுத்தை மட்டும் விமான நிலையத்தில் போலீஸ் அதிகாரி முன்னால் போடு. வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தவர்கள் அங்கே நின்று மறுபடி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் ஒத்துழைத்தால் நானும் விண்ட்ஹூக்குக்கு வருகிறேன். துப்பாக்கி கொண்டுவர மாட்டேன். சாம்பல் பை என்னிடம் இருக்கட்டும்.

உன் பழைய அறைத்தோழன்